கைக்குழந்தையுடன் ஜெர்மனிக்கு: பகல் பொழுதைப் பற்றி ஒரு பதில்

கணவர் ஓராண்டாக ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறார். நீங்கள் ஐந்து மாதப் பெண் குழந்தையுடன் திருச்சியிலிருந்து வருகிற நவம்பரில் அங்கே போகிறீர்கள். பெட்டியில் எதை எடுத்து வைப்பது, தடுப்பூசிக் கணக்கு என்ன ஆகும், குளிரில் குழந்தை தாங்குமா, கிரைண்டர் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல் ஒரு வரி: "பிரசவமானதிலிருந்து அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். அவர் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்குத்தான் வருவார். நான் சமாளித்துவிடுவேனா?" நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இந்த வரியைத்தான் என்று நினைக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் குழந்தைகள் நலச் செவிலியர். தமிழ்நாட்டில் செவிலியர் படிப்பு, ஜெர்மனியில் குழந்தை நலத்தில் பயிற்சி, சில ஆண்டுகள் மருத்துவமனை வார்டு என்று கடந்து, இப்போது கைக்குழந்தை உள்ள குடும்பங்களை வீடு தேடிச் சென்று பார்க்கும் வேலையில் இருக்கிறேன். 'ஃப்ரூஹே ஹில்ஃபன்' என்ற பெயரில் ஜெர்மனி முழுவதும் இலவசமாக நடக்கும் சேவை அது. ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல, சட்டம் படித்தவளும் அல்ல. உங்கள் குழந்தையை நான் பார்த்ததுமில்லை. ஆகவே உடல்நலம் பற்றிச் சொல்வதைக் குழந்தை மருத்துவரிடமும், விசா, உதவித்தொகை பற்றிச் சொல்வதை அந்தந்த அலுவலகத்திலும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வருகிறவர்கள் பயப்படும் விஷயங்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே சரியாகிவிடுகின்றன. குளிருக்கு உடுப்பு வாங்கிவிடலாம். மருத்துவர் கிடைத்துவிடுவார். சரியாகாமல் இழுத்துக்கொண்டு போவது பகல் பொழுதுதான். மதியம் இரண்டு மணிக்கு நான் போய் மணியடிக்கும் வீடுகளில் காண்பது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சன்னல் மறைப்பு பாதி இறங்கியிருக்கும். குழந்தை இடுப்பில். அடுப்பின் மேல் காலையில் போட்ட காபி ஏடு படிந்து ஆறிப்போயிருக்கும். அஞ்சறைப்பெட்டியில் சாய்த்து வைத்த கைபேசியில் ஊரிலிருந்து அம்மா பேசிக்கொண்டிருப்பார். தலை பின்னியிருக்காது, குளித்திருக்கவும் மாட்டார், ஏனென்றால் குளிக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குக் குழந்தையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஊரில் இந்தப் பத்து நிமிடங்களை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, பாத்திரம் தேய்க்க வருபவர் என்று யாராவது ஒருவர் குழந்தையை வாங்கிக்கொள்வார். நாளெல்லாம் பல கைகள் மாறி வளர்ந்த குழந்தை, விமானம் இறங்கியதும் ஒரே கைக்கு வந்து சேருகிறது. உங்கள் பலவீனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆள்பலம் குறைந்துபோவதுதான் காரணம்.

அந்தக் கைகளை அங்கே மறுபடி சேர்க்க முடியுமா என்றால், முடியும். ஆனால் அவை தானாக வரமாட்டா. ஜெர்மானியர்களுக்குப் பிறரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே மரியாதை. எதிர்வீட்டுப் பெண்மணி உங்கள் குழந்தை அழுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார், மனம் இளகியும் இருப்பார், கதவைத் தட்டமாட்டார். நீங்கள் போய் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், நாள்காட்டியைத் திறந்து, வியாழக்கிழமை மூன்று மணிக்கு என்று குறித்துக்கொண்டு, சரியாக மூன்று மணிக்கு வந்து நிற்பார். அரசு சேவைகளும் அப்படித்தான்: கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் இருப்பதே தெரியாது. நம் பெண்களுக்குக் கேட்பதுதான் கடினமாக இருக்கிறது. ஒரு வாய் காபி வேண்டும் என்றுகூட வாய்விட்டுக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நாம். இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள் நன்றாகத் தேறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வந்த வாரத்திலிருந்தே செய்ய வேண்டியது ஒன்று. தினமும் மதியத்துக்கு முன்பு குழந்தையோடு வெளியே போய்விடுங்கள். மழை தூறினாலும் போங்கள். டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பிற்பகலில் கிளம்பலாம் என்று தள்ளிப்போட்டால் வெளிச்சமே பார்க்காமல் நாள் முடிந்துவிடும். ஸ்டுட்கார்ட் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். சரிவுகளில் ஏறி இறங்க நானூறுக்கும் மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள் உண்டு. வீடு மேட்டில் இருந்தால் தள்ளுவண்டி மட்டும் போதாது, மார்போடு கட்டிக்கொள்ளும் குழந்தைத் தாங்கி ஒன்றும் தேவைப்படும். பஸ்ஸில் தள்ளுவண்டியுடன் நடுக்கதவில் ஏறுங்கள். படி இருக்கும் இடத்தில் அருகில் நிற்பவரைப் பார்த்தாலே போதும், வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். குளிர் காலத்தில் போய் உட்கார இடம் வேண்டும் அல்லவா? ரயில் நிலையத்துக்குப் பின்னால், மைலேண்டர் பிளாட்ஸில், 2011இல் திறந்த வெள்ளைக் கனசதுரக் கட்டடம் நகர நூலகம். குழந்தைகளுக்கென்று தனித் தளம் அங்கே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, பேசவும் வேண்டியதில்லை. இதைவிட முக்கியம், தவழும் குழந்தைகளுக்கான வாராந்திரக் குழுக்கள். தேவாலயங்களும் குடும்ப மையங்களும் நடத்துகின்றன; எந்த மதத்தவரும் போகலாம். ஜெர்மன் தெரியாதே என்று தயங்காதீர்கள். ஒரு மணி நேரமும் பாட்டும் கைதட்டலும்தான். அங்கே உங்கள் குழந்தையின் வயதில் குழந்தை வைத்திருக்கும் ஒரு தாயோடு பழக்கமாகிவிட்டால், அந்தக் குளிர்காலத்தின் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

அம்மாவோடு பேசும் நேரத்தையும் யோசித்து வையுங்கள். குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். உங்களுக்குப் பிற்பகல் மூன்றரை என்றால் திருச்சியில் இரவு எட்டு. இருட்டத் தொடங்கும், கணவர் வரவும் இன்னும் நேரமிருக்கும் அந்த வேளைக்கு அம்மாவின் அழைப்பை வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுதும் கைபேசி திறந்தபடியே கிடப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படி இருக்கும் வீடுகளில் தாய் வெளியே கால் வைப்பது குறைந்துகொண்டே போகிறது.

அக்கம்பக்கம் பற்றி ஒரு வார்த்தை. குடிபுகுந்ததும் மாடிப்படிச் சுவரில் ஒரு சிறு காகிதம் ஒட்டுங்கள்: இன்னார் குடிவந்திருக்கிறோம், கைக்குழந்தை இருக்கிறது, இரவில் அழலாம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. அங்கே இது வழக்கம். குழந்தை அழுவதற்காக யாரும் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனால் முன்கூட்டிச் சொன்னவர்மேல் வரும் பரிவு வேறு. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் 'கேர்வோஹே' என்று ஒரு முறை உண்டு: மாடிப்படியைக் கூட்டித் துடைப்பது வாராவாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் மாறி வரும். உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு அட்டை தொங்கும். அந்த வாரம் விட்டுவிடாதீர்கள். அதைச் சரியாகச் செய்கிற குடும்பத்துக்கு அந்தக் கட்டடத்தில் கிடைக்கும் மதிப்பு பெரியது. அறிமுகம் ஏற்படுவதும் துடைப்பத்தோடு நிற்கும்போதுதான்.

தனிமையைச் சோம்பல் என்றும் பழகிவிடும் என்றும் ஒதுக்கிவிட முடியாத நிலை ஒன்று உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதத்தினருக்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. வளரும் நாடுகளில் இது 20 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. பிரசவமான உடனேதான் வரும் என்றில்லை, முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, குழந்தையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை, காரணமின்றி அழுகை வருகிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் குடும்ப மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ சொல்லுங்கள். செத்துப்போகலாம், குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால் அன்றே, அந்த மணியே 112 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். இந்த நிலையைக் கண்டறியப் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் என்ற படிவம் உண்டு; தமிழிலும் இருக்கிறது. இது குணமாகும் நோய். "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று ஊரிலிருந்து வரும் ஆறுதலை நம்பிக் காலம் கடத்தாதீர்கள்.

இனி கணவரின் பங்கு. அவருக்குப் பெற்றோர் விடுப்பு எடுக்கும் உரிமை இருக்கிறது. ஏழு வாரத்துக்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால் நீங்கள் இறங்கும் நாளுக்கு அது கைகொடுக்காமல் போகலாம். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஆண்டு விடுப்பைப் போட்டுவிட்டு, அதையடுத்துப் பெற்றோர் விடுப்புக்கு இன்றே எழுதச் சொல்லுங்கள். அந்த மாதங்களுக்கு 'எல்டர்ன்கெல்ட்' என்ற உதவித்தொகை உண்டு. பொதுவாக நிகரச் சம்பளத்தின் 65 சதவீதம், குறைந்தது 300 யூரோ, அதிகபட்சம் 1,800 யூரோ. உங்கள் மாநிலத்தில் அதை எல்-பாங்க் என்ற அரசு வங்கி கையாள்கிறது. இது குழந்தையின் பிறந்த தேதியை வைத்து மாதம் மாதமாகக் கணக்கிடப்படுவது. ஆகவே எந்தெந்த மாதங்கள் கிடைக்கும் என்பதை அங்கேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைத் தொகையான 'கிண்டர்கெல்ட்' 2026 ஜனவரி முதல் மாதம் 259 யூரோ. பின்தேதியிட்டு ஆறு மாதத்துக்கு மேல் தரமாட்டார்கள், ஆகவே முகவரிப் பதிவு முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள். அந்த முகவரிப் பதிவை வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தாக வேண்டும். மருத்துவக் காப்பீட்டையும் இப்போதே விசாரியுங்கள். கணவர் அரசுசார் காப்பீட்டில் இருந்தால் வருமானமில்லாத மனைவியும் குழந்தையும் கூடுதல் சந்தா இல்லாமல் அதிலேயே சேரலாம். தனியார் காப்பீடு என்றால் ஒவ்வொரு தலைக்கும் தனிச் சந்தா. தனியாளாக வரும் இளைஞர்கள் விலை குறைவாக இருக்கிறதென்று தனியாரில் சேர்ந்துவிட்டு, குடும்பம் வந்ததும் திகைப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

அம்மாவை எப்போது வரவழைப்பது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. விருந்தினர் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்க முடியும். குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடும் வேண்டும். அம்மாவின் செலவுக்குத் தானே பொறுப்பு என்று உங்கள் கணவர் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கலாம். பலரும் அம்மாவைக் கையோடு அழைத்து வந்துவிடுகிறார்கள். நவம்பரில் கணவரும் விடுப்பில் இருப்பார், எல்லாம் புதிதாகவும் இருக்கும்; அப்போது அந்த 90 நாளைச் செலவிட்டுவிட்டால், மிகக் கடினமான பிப்ரவரியில் நீங்கள் தனியாக நிற்பீர்கள். ஜனவரி கடைசியில் அம்மா வந்து ஏப்ரலில் திரும்புவது நல்லது. முடிந்தால் மாமியார் அதற்கடுத்து வரட்டும், இருவரும் ஒரே சமயத்தில் வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருகிற அம்மாவும் அங்கே தனிமைப்படுவார். மொழி தெரியாமல், பனியில் வழுக்கும் பயத்தில், நாலு சுவருக்குள் சமைத்துக்கொண்டே இருப்பார். பிடிமானமுள்ள காலணி ஒன்று வாங்கிக் கொடுத்து, தினமும் உங்களோடு வெளியே கூட்டிப்போங்கள்.

அம்மா வந்ததும் வரும் விவாதம் வளர்ப்பு முறைகளைப் பற்றியது. இதில் எதை விடக்கூடாது, எதை விட்டே ஆக வேண்டும், எது இரண்டுக்கும் நடுவில் என்று பிரித்துச் சொல்கிறேன். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது நல்லது. தேங்காய் எண்ணெய் போதும், தாராளமாகச் செய்யுங்கள். காலை நீட்டி, அதில் குழந்தையைப் படுக்கவைத்துக் குளிப்பாட்டுவதும் சரிதான். ஆனால் ஜெர்மன் குளியலறைகளில் பெரும்பாலும் தரையில் தண்ணீர் போகத் துவாரமே இருக்காது. ஒரு வாளி ஊற்றினால் கீழ் வீட்டுக் கூரையில் கசியும். நான் பார்த்த ஒரு பாட்டி அழகாக ஒரு வழி கண்டுபிடித்தார். குளியல் தொட்டிக்குள்ளேயே ஒரு துண்டை விரித்து, சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, கால்களை நீட்டிப் பேத்தியைப் படுக்கவைத்தார். மருமகள் வெளியே நின்று குவளையில் வெந்நீர் எடுத்துக் கொடுத்தார். பயத்தமாவு வாசனை வீடெல்லாம். குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தது. இதில் தடுக்க என்ன இருக்கிறது? அறையை முன்கூட்டிச் சூடாக்கி வைத்தால் போதும்.

கட்டாயம் விட வேண்டியவை: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம் என்பது உறுதியாக அறியப்பட்டது. கண்ணுக்குள் மை தீட்டுவது. பல மைகளில் ஈயம் கண்டறியப்பட்டிருக்கிறது. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பதை நான் எந்த வீட்டிலும் தடுத்ததில்லை. ஒரு வயது நிறையும்வரை தேன் ஒரு துளிகூடக் கூடாது; அதிலிருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். சாம்பிராணிப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. அதோடு அங்கே படுக்கையறையிலும் நடையிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருப்பது சட்டம். சாம்பிராணி போட்டால் கட்டடம் முழுக்க அலறும். உரை மருந்தையும் வசம்பையும் உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்பேன். வசம்பில் உள்ள ஆசரோன் என்ற பொருள் பற்றி நச்சியல் கவலைகள் உண்டு. நாட்டு மருந்துக்கடையில் வாங்கும் உரை மருந்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க வீட்டில் வழியில்லை. தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தோமே என்று பாட்டி கேட்டால், குழந்தை மருத்துவர் வேண்டாம் என்றார் என்று சொல்லிவிடுங்கள். பழி மருத்துவர்மேல் போகட்டும், வீட்டில் மனக்கசப்பு வராமல் இருக்கும்.

நடுவில் இருப்பது தூளி. உறுதியாகத் தெரிந்தது: இரவுத் தூக்கம் தட்டையான, கெட்டியான மெத்தையில், மல்லாந்த நிலையில், பெற்றோரின் அறையிலேயே, தலையணையும் போர்வையும் இல்லாமல் இருக்க வேண்டும். திடீர்க் குழந்தை மரணத்தைக் குறைத்த வழி இது. தூளியில் முதுகு வளைந்து, மோவாய் மார்பில் பதிந்து மூச்சு இறுகக்கூடும். அதனால் இரவு முழுதும் தூளி கூடாது. பகலில் நீங்கள் பக்கத்தில் விழித்திருந்து, பார்த்துக்கொண்டே ஆட்டி, தூங்கியதும் எடுத்து மெத்தையில் விடுவது? அதற்கு எதிராகத் திட்டவட்டமான ஆய்வு முடிவை நான் கண்டதில்லை. அழுகையை அடக்கத் தெரிந்த ஒரு தாயின் கையிலிருந்து அதைப் பிடுங்குவதிலும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் வாடகை வீட்டுக் கூரையில் கொக்கி அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

குளிரைப் பற்றி அதிகம் பயப்பட ஒன்றுமில்லை. வெளியே போகும்போது நீங்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகக் குழந்தைக்கு. கையும் காலும் சில்லென்றிருப்பதை வைத்து முடிவுசெய்யாமல், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, வியர்த்திருந்தால் அதிகம் போர்த்திவிட்டீர்கள். காரில் குழந்தை இருக்கையில் உட்காரவைக்கும்போது தடித்த கோட்டைக் கழற்றிவிட வேண்டும். கோட்டுக்கு மேல் போட்ட பட்டி விபத்தில் பிடிக்காது. உறங்கும் அறை 16 முதல் 18 டிகிரி இருந்தாலே போதும், போர்வைக்குப் பதில் குழந்தைக்கு மாட்டிவிடும் உறக்கப்பை போட்டுவிடுங்கள். நம்மவர்கள் செய்வது நேர்மாறு: சன்னலை மூடி, வெப்பமூட்டியை முழுதாகத் திருகி, சோறு வடித்து, துணியையும் உள்ளேயே காயப்போடுவார்கள். ஈரம் சுவரில் இறங்கிக் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். குழந்தைக்கு இளைப்பு, வீட்டுக்காரரோடு சண்டை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை எல்லாச் சன்னல்களையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள். வெயில் குறைந்த ஊர் என்பதால் வைட்டமின் டி தினமும் 400 முதல் 500 அலகு கட்டாயம். நிறம் மிகுந்த நம் தோலுக்கு இது இன்னும் முக்கியம்.

குழந்தை மருத்துவரை நீங்கள் வருவதற்கு முன்பே கணவர் தேடத் தொடங்க வேண்டும். பல மருத்துவர்கள் புதுக் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. கிடைக்காவிட்டால் 116117 எண்ணில் ஏற்பாடு செய்து தருவார்கள். இரவிலும் விடுமுறையிலும் உயிருக்கு ஆபத்தில்லாத உபாதைகளுக்கும் அதே எண்தான். அங்கே குழந்தைகளுக்கு 'ஊ1' முதல் 'ஊ9' வரை வரிசையாகப் பரிசோதனைகள் உண்டு. மஞ்சள் நிறப் புத்தகத்தில் பதிவாகும். உங்கள் குழந்தைக்கு ஆறு, ஏழாவது மாதங்களில் செய்யும் 'ஊ5' வரப்போகிறது, அதற்கே நேரம் கேளுங்கள். தடுப்பூசியில் குழப்பமில்லை. ஊரில் 6, 10, 14ஆவது வாரங்களில் போட்டவை செல்லும். அட்டையில் தேதியும் மருந்தின் பெயரும் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்து, ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஜெர்மனியில் அடுத்தது பெரும்பாலும் பதினோராவது மாதத்தில். தட்டம்மை ஊசியும் அங்கே ஒன்பதாம் மாதத்தில் இல்லை, பதினொன்றிலும் பதினைந்திலும். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பி கிருமிக்கான ஊசி 2024 முதல் எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தோளில் உள்ள பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பைப் பார்த்து இளம் மருத்துவர் என்னவென்று கேட்கக்கூடும். 1998இலிருந்து அங்கே அது பரிந்துரையில் இல்லை.

காய்ச்சலுக்குக் கூட்டிப்போனால், "வைரஸ், மூன்று நாளில் போய்விடும், நிறையப் பால் கொடுங்கள்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புவார்கள். மருந்தே எழுதவில்லை, நம்மை அலட்சியப்படுத்திவிட்டார்கள் என்று கண்கலங்கிய பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அலட்சியம் இல்லை, தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் தரக்கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பானவர்கள், அது சரியும்கூட. பாராசிட்டமாலைச் சொட்டாகத் தராமல் ஆசனவாயில் வைக்கும் மாத்திரையாகத் தருவார்கள். எடைக்கு ஏற்ற அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், மூச்சுக்கு விலா உள்வாங்கினால், அரை நாளாக டயப்பர் நனையாவிட்டால், யார் என்ன சொல்லியிருந்தாலும் உடனே மறுபடி போக வேண்டும்.

சாப்பாடு தொடங்கும் வயதில் வருகிறீர்கள். அங்கே கேரட், உருளைக்கிழங்கு, இறைச்சி மசியல் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். இறைச்சி சொல்லப்படுவது இரும்புச்சத்துக்காக. நீங்கள் சைவம் என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பால் கொடுக்கும் உங்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். குழையவேக வைத்த பருப்புச்சாதம், இட்லி, காய்கறி மசியல் எல்லாம் நல்ல உணவுதான். கேழ்வரகுக் கூழ் சுண்ணாம்புச்சத்துக்குச் சிறந்தது. இரும்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் சேர்க்காதீர்கள். பெட்டியில் இவற்றையெல்லாம் அடைக்கவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பாலிலும் இறைச்சியிலும் செய்த எதையும் கொண்டுவரக் கூடாது. அம்மா உருக்கித் தரும் நெய் விமான நிலையத்திலேயே குப்பைக்குப் போகும். தாவரச் சான்றிதழ் இல்லாமல் கறிவேப்பிலையும் கூடாது. பிரிக்காத கம்பெனிப் பால்பவுடர், குழந்தை உணவு ஆகியவை இரண்டு கிலோவரை அனுமதி. கேழ்வரகு மாவு, முருங்கைக்கீரை, பச்சரிசி எல்லாம் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் கிடைக்கும். எண்பதுகளில் அகதிகளாக வந்து காலூன்றியவர்கள் அவர்கள். நான்கு பேர் கடையில் கூடும் இடத்தில் குழந்தையோடு நின்றால், உங்களுக்கு வேண்டிய அக்கா ஒருவர் அங்கேயே கிடைத்துவிடுவார். பெட்டியில் ஏதாவது ஒன்றுக்கு இடம் கொடுப்பதென்றால், பழைய மெல்லிய பருத்திச் சேலைகள் இரண்டுக்குக் கொடுங்கள். அவை அங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது.

குழந்தைகள் காப்பகமான 'கிட்டா'வுக்கு இப்போதே பெயர் பதியுங்கள். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்ட் முதல் சட்டத்தில் உண்டு. நடைமுறையில் காத்திருப்போர் வரிசை நீளம். இடம் கிடைக்க 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கட்டாயம். சேர்ந்ததும் முதல் சில வாரங்கள் பெற்றோரில் ஒருவர் கூடவே இருந்து, அரை மணி, ஒரு மணி என்று மெல்லப் பிரியப் பழக்குவார்கள். நம் ஊர்ப் பள்ளி வாசலில் பிள்ளையைக் கதறவிட்டு வருவதை நினைத்தால் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வேலைக்குத் திரும்பும் தேதியை இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவுசெய்யுங்கள். அதுவரை வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வராது என்பதில் ஐயமில்லை. ஜெர்மனை அரைகுறையாக நீங்கள் பேசிப் பழக்க வேண்டியதில்லை, காப்பகத்தில் அது வந்துவிடும்.

கிரைண்டர் கொண்டுபோகலாம். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். மேசைமேல் வைக்கும் சிறியதாக இருக்கட்டும், கீழே ஒரு தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிறு முழுதும் சத்தம் கூடாது என்பதால் மாவை சனிக்கிழமை பகலிலேயே அரைத்துவிடுங்கள்.